அக்காவிடம் கேளுங்கள்: பெர்மிட்டை ஏஐ போட்டால் எனக்கு என்ன வேலை?

கேள்வி: அக்கா, சரக்கு அனுப்பும் கம்பெனியில் 19 ஆண்டுகளாக வேலை. வயது 46. இன்வாய்ஸைப் பார்த்து சுங்கத்துறை பெர்மிட்டுக்கு விவரம் நிரப்புகிறேன். இப்போது ஏஐ மென்பொருள் அதைச் சில விநாடிகளில் முடித்துவிடுகிறது. எங்கள் பிரிவில் ஆறு பேரில் இரண்டு பேரைக் குறைத்துவிட்டார்கள். அவமானப்பட்டுப் போவதைவிட நானே ராஜினாமா கொடுத்துவிடவா?
வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் பணக் கணக்கு, மானக் கணக்கு அப்புறம்.

ஆட்குறைப்பில் அனுப்பினால், ஓராண்டு சேவைக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது இங்கே சிங்கப்பூரில் வழக்கம். சட்டக் கட்டாயம் கிடையாது, ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆனாலும் 19 ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டமும் இருக்கிறது. மாதம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிக்காத குடிமக்களுக்கு, ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். இரண்டுமே வேலையை இழந்தவர்களுக்கானவை. நீங்களே கடிதம் நீட்டினால் இரண்டும் போச்சு.

இனி வேலைக்கு வருவோம். நான் இந்தத் துறையில் நுழைந்த காலத்தில், பெர்மிட் தாள்களைத் தூக்கிக்கொண்டு இலாகா இலாகாவாக அலைவதற்கென்றே ஆபீஸ் பையன்கள் இருந்தார்கள். அனுமதிக்கு நாள் கணக்கில் காத்திருப்போம். 1989 ஜனவரியில், பெர்மிட்டைக் கணினி வழியே கேட்டு வாங்கும் டிரேட்நெட் வந்தது. காத்திருப்பு நிமிடக் கணக்காகச் சுருங்கியது. அலைந்தவர்கள் வேலை போனது உண்மை. அதை மறைத்துத் தேறுதல் சொல்ல எனக்குப் பிடிக்காது. எங்கள் பையன்களில், சரக்கு என்ன வகை என்று காட்டும் எச்எஸ் கோடு எண்களைக் கற்றுவைத்திருந்த ஒருவன் மட்டும் மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியதும் அந்த மேசையைத்தான். இன்வாய்ஸில் ‘அக்சசரீஸ்’ என்று மொட்டையாக எழுதியிருப்பார்கள். மென்பொருள் அதற்கும் தயங்காமல் ஓர் எட்டு இலக்கக் கோடைப் போட்டுவிடும். பெட்டிக்குள் வாக்கி-டாக்கி இருந்தால்? அதற்குத் தகவல் தொடர்புச் சாதனங்களைக் கண்காணிக்கும் ஐஎம்டிஏ ஆணையத்தின் விதிகளைப் பார்த்தாக வேண்டும். வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, “அண்ணே, உள்ளே சரியா என்னதான் இருக்கு?” என்று கேட்கத் தெரிந்தவர் நீங்கள். டிக்ளரேஷன் தப்பாகப் போனால் சுங்கத்துறை மென்பொருளைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதில்லை. கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும், பெர்மிட் போட்டவரும் சேர்ந்து.

ஆகவே, டிக்ளரன்ட்டாக, அதாவது கம்பெனி சார்பில் பெர்மிட் போடும் பொறுப்பாளராக, உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் சுங்கத்துறைத் தேர்வை எழுதி முடியுங்கள். மென்பொருள் செய்யும் பிழைகளை ஒரு நோட்டில் குறித்துவைத்து மேனேஜரிடம் காட்டி, சரிபார்க்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் போட்ட 4,000 வெள்ளி உங்களுக்கும் வந்திருக்கும். அதற்குக் காலாவதி கிடையாது, ஆனால் குறிப்பிட்ட வகுப்புகளுக்கு மட்டும்தான் செல்லும். தீபாவளி நேரத்து செராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்கள்போல் ஏஐ வகுப்புக்காரர்கள் கூவிக் கூவி அழைப்பார்கள். உங்களுக்குத் தேவை வர்த்தக விதிமுறை வகுப்பு.

இத்தனையும் செய்த பிறகும் நாலு பேர் மூன்றாகலாம். அந்த மூன்றில் இருக்கத்தான் இந்தப் பாடு.

கேள்வி: மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் படிக்க ஆசைப்படுகிறான். ஏஐ வந்த பிறகு கணக்கியல் எதற்கு என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
வாசகர், ஈசூன்

பதில்: அந்தச் சொந்தக்காரர்கள் சில வருஷங்களுக்கு முன் எல்லாரையும் கோடிங் படிக்கச் சொன்னவர்களாக இருப்பார்கள். இன்று நிரல் எழுதும் வேலையிலும் ஏஐ கைவைத்தாயிற்று. வளர்ந்த நாடுகளில் ஏறக்குறைய 60 விழுக்காடு வேலைகளை ஏஐ தொடும், அதில் பாதிக்கு அது உதவியாகவும் இருக்கலாம் என்று அனைத்துலகப் பண நிதியம் 2024 ஜனவரியில் சொன்னது. பாதுகாப்பான படிப்பு என்று தேடினால் எங்கே போவது?

என் கவலை வேறு. வவுச்சர் பதிவதும் வங்கிக் கணக்கை ஒத்துப்பார்ப்பதும்தான் புதியவர்கள் கைபழகும் வேலை. இயந்திரம் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. வேலைப் பயிற்சிக்குப் பெரிய பெயர் தேடாமல், ஜிஎஸ்டி கணக்கை முழுசாகக் கையில் கொடுக்கும் சின்ன நிறுவனத்துக்கு அவனை அனுப்புங்கள். பிடித்த படிப்பைப் படிக்கட்டும்.

கேள்வி: மாமனாருக்கு 68 வயது. உணவங்காடி நிலையத்தில் துப்புரவு வேலை. தட்டு சுமக்கும் ரோபோ வந்ததிலிருந்து தூக்கமில்லாமல் இருக்கிறார்.
வாசகி, பிடோக்

பதில்: அந்த ரோபோவில் தட்டை ஏற்றுவது, இறக்குவது, அது நாற்காலியில் முட்டி நின்றால் தள்ளிவிடுவது எல்லாம் யார்? அதற்குப் பயிற்சி கொடுத்தால் முதல் ஆளாக அவர் பெயர் கொடுக்கட்டும். துப்புரவுத் துறையின் படிப்படியாக உயரும் சம்பள முறையில் இயந்திரம் இயக்குபவருக்கென்று தனிப் படி உண்டு, சம்பளமும் சாதாரணத் துப்புரவாளரைவிடக் கூடுதல். ரோபோவைப் பார்த்துக்கொள்வது அந்தப் படியில் சேருமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். சேருமென்றால், அடுத்த சம்பளச் சீட்டில் பதவிப் பெயரை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள்.