கேளுங்க, சத்தமா சொல்றேன்: ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர் நல்லது?

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஸ்பீக்கர் பத்திதான். மதுரை தம்பி கேட்டதுக்குள்ளயே மத்தவங்க கேட்டது நெறைய அடங்கிடுது, அதனால அவருக்கு மட்டும் நீளமா பதில் சொல்லிட்டு மீதிய சுருக்கமா முடிச்சிக்கறேன், கோச்சுக்காதீங்க.

மதுரை வாசகர்: அண்ணே, எங்க ஹால் 12க்கு 16 அடி. தரை பூரா வைட்ரிஃபைட் டைல்ஸ், ஒரு பக்கம் பால்கனிக்கு கண்ணாடிக் கதவு. இப்ப ஒரு ஹோம் தியேட்டர் செட் இருக்கு, அட்டைப்பெட்டில 12,000 வாட்ஸ்னு போட்டிருக்கு, ஆனா பாட்டு போட்டா பாடுறவர் கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. 50 ஆயிரம் சேத்து வெச்சிருக்கேன். கடைக்காரர் டவர் ஸ்பீக்கர்தான் கெத்துங்கறார். வாங்கலாமா?

தம்பி, கடைக்கு கெளம்புறதுக்கு முன்னாடி ஹால் நடுவுல நின்னு பலமா ஒரு தட்டு கை தட்டுங்க. "ட்ட்ரிங்"னு ஒரு வால் மாதிரி சத்தம் இழுத்துக்கிட்டு போகுதா? அதுதான் உங்க கெணறு. டைல்ஸ், சிமெண்ட் சுவரு, கண்ணாடின்னு எல்லாமே சத்தத்தை திருப்பி அடிக்கிற சாமான், பாடுறவர் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கறதுக்குள்ள முந்துன வார்த்தை சுவத்துல பட்டு திரும்பி வந்து அது மேலயே விழுது. இதுல ரெண்டு லட்ச ரூபா ஸ்பீக்கர கொண்டாந்து வெச்சாலும் ரெண்டு லட்ச ரூபாய்க்கு எக்கோதான் கேக்கும். மொதல்ல சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு தடிமனான பவானி ஜமக்காளத்த விரிங்க, கண்ணாடிக் கதவுக்கு மடிப்பு மடிப்பா கனமான கர்ட்டன் போடுங்க, புக் அலமாரி இருந்தா அத சோபாவுக்குப் பின்னாடி சுவத்துக்கு மாத்துங்க. திரும்ப கை தட்டிப் பாருங்க. இந்த செலவு சில ஆயிரத்துலயே முடிஞ்சிரும், இருக்கற செட்டே கொஞ்சம் மனுஷக் குரல்ல பேச ஆரம்பிக்கும்.

அடுத்தது அந்த 12,000 வாட்ஸ். அந்த செட்டோட ப்ளக் எது, 6 ஆம்ப் சின்ன ப்ளக்தானே? 230 வோல்ட்ட 6 ஆல பெருக்குங்க, 1380 வருது. சுவத்துல இருந்து மொத்தமா எடுக்க முடிஞ்சதே அவ்வளவுதான், உள்ள போற கரண்ட்டு 1380 வாட்டுன்னா வெளிய 12,000 எங்கருந்து வரும், ஏதாவது அம்மன் அருளா? பிஎம்பிஓன்னு (கண நேர உச்ச பவர்ங்கற பேர்ல) அட்டைல போடுற நம்பருக்கெல்லாம் ஒரு அர்த்தமும் கெடையாது. ஆர்எம்எஸ்னு, அதாவது தொடர்ந்து குடுக்கற பவர், சின்ன எழுத்துல எங்கயாச்சும் இருக்கும், அத மட்டும் பாருங்க.

அதுலயும் வாட்ட விட முக்கியமா ஒண்ணு இருக்கு, சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் குடுத்தா ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போடும்ங்கறது. எங்கப்பா மைக்செட் கடை வெச்சிருந்தாரு. திருவிழாவுக்கு தென்ன மரத்துல ரெண்டு குழாய் ஸ்பீக்கர கட்டி விட்டா பக்கத்து ஊருக்கே பாட்டு கேக்கும், ஆனா ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) என்னமோ டிரங்கு பெட்டி சைஸ்ல ஒண்ணுதான். எப்படின்னா அந்த யூனிட்டும் குழாயும் சேந்து ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தள்ளி 106 டெசிபல் மாதிரி கத்தும். வீட்டு ஸ்பீக்கர் பெரும்பாலும் 84ல இருந்து 90க்குள்ள. 86 உள்ள ஒரு ஸ்பீக்கர் அந்த குழாய் போடுற சத்தத்த போடணும்னா 100 மடங்கு வாட் வேணும், ஏன்னா 3 டெசிபல் ஏத்தணும்னாலே பவர் டபுள் ஆகணும். (குழாய்ல பாஸ், அதாவது கனமான அடிச் சத்தம், சுத்தமா வராது, அது வேற கதை.) அதுக்காக பயப்படாதீங்க, உங்க ஹால்ல 10 அடி தள்ளி உக்காந்து நல்ல சத்தமாவே கேட்டாலும் ஸ்பீக்கருக்கு போறது ஒரு வாட், ரெண்டு வாட்தான். தவில்ல ஒரு அடி விழுறப்ப, கோரஸ் எழும்புறப்ப அந்த நிமிஷத்துக்கு மட்டும் இருவது முப்பது கேக்கும். ஒழுங்கான 40, 50 வாட் ஆம்ப் தாராளம்.

இப்ப டவர் விஷயம், அதாவது தரையிலயே நிக்கற உயரமான ஸ்பீக்கர். 12 அடி அகலம்னு சொன்னீங்கல்ல, ரெண்டு சுவருக்கு நடுவுல அந்த தூரத்துக்குன்னே ஒரு சத்தம் உண்டு, உங்க ஹாலுக்கு அது சுமாரா 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு), நீள வாக்குல 35. அந்த 47ங்கறது பேஸ் கிட்டார்ல தடிச்ச கம்பியில ரெண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூணாவது ஃப்ரெட்டுக்கும் இடையில வர்ற சுருதின்னு வெச்சிக்குங்களேன். பாட்டுல அந்த எடம் வர்றப்ப மட்டும் ரூமே "கும்"முன்னு உப்பும், மத்த நோட்டெல்லாம் அது பின்னாடி ஒளிஞ்சிக்கும். டவர் ஸ்பீக்கர் நேரா அந்த எடத்துலதான் போய் முட்டும். நல்ல புக்ஷெல்ஃப் ஜோடி, அதாவது அஞ்சேகால் இன்ச்சோ ஆறரை இன்ச்சோ வூஃபர் (பாஸ் போடுற பெரிய கோன்) உள்ள சின்னப் பெட்டி, 55 - 60 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒழுங்கா எறங்கிட்டு மரியாதையா நிறுத்திக்கும், அதுக்கு கீழ கொஞ்சம் ரூமே ஏத்தி குடுத்துரும். 12க்கு 16 ஹாலுக்கு என் ஓட்டு அதுக்குத்தான், காசு மிச்சம்னு சொல்லல, கேக்கறதுக்கே அதுதான் நல்லா இருக்கும். அப்பறமா பாஸ் கொறையுதுன்னு தோணுச்சுன்னா ஒரு சப்வூஃபர் (பாஸ் மட்டும் போடுற தனிப் பெட்டி) வாங்கி 80 ஹெர்ட்ஸுக்கு கீழ உள்ளத மட்டும் அதுக்கு தள்ளி விடலாம், அத மூலையில இருந்து நகத்தி நகத்தி "கும்" கொறையற எடத்துல வைக்கலாம், டவர அப்படி நகத்த முடியாது.

பேரு கேப்பீங்க. வார்ஃபடேல் டைமண்ட் சீரிஸ், க்யூ அகூஸ்டிக்ஸ், எலாக் டெபியூ, டாலியோட சின்ன மாடல்கள், கெஃப் க்யூ சீரிஸ், நம்ம கல்கத்தா சோனோடைன். இதுல எதையும் கேக்காம வாங்காதீங்க. சென்னை வந்தா எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்ட சுத்துங்க, ஆனா அங்க அந்த எரைச்சல்ல நின்னு ஸ்பீக்கர கேட்டு முடிவு பண்ணாதீங்க, தனி ரூம் வெச்சிருக்கற ஷோரூம்ல உக்காந்து கேளுங்க.

எப்படி கேக்கறதுன்னு ஒண்ணு சொல்றேன். கடைக்காரர் போடுற டெமோ பாட்டு வேணாம், அது ஸ்பீக்கர விக்கறதுக்குன்னே பொறந்த பாட்டு. உங்களுக்கு ஆயிரம் தடவ கேட்டு மனப்பாடமான பாட்டு மூணு கொண்டு போங்க, அதுல ஒண்ணு குரல் மட்டும் முன்னாடி நிக்கறது, ஒண்ணு மிருதங்கமும் வயலினும் உள்ள கச்சேரி, ஒண்ணு பேஸ் கிட்டார் ஓடுற 80கள் சினிமா பாட்டு. மொதல்ல குரல கேளுங்க. மூச்சு வாங்கறது, "ழ" சொல்றப்ப நாக்கு மடங்கறது தெரியணும், "ச" வர்றப்ப காதுல ஊசி குத்தக் கூடாது. மிருதங்கத்துல தொப்பி பக்கம் அடிக்கறப்ப தோல் அதிர்றது கேக்கணும், வெறும் "தொம்" போதாது. ரெண்டு ஸ்பீக்கர மாத்தி மாத்தி கேக்கறப்ப ரெண்டுலயும் சத்தம் ஒரே அளவான்னு ஃபோன்ல ஒரு டெசிபல் ஆப் போட்டு பாத்துக்குங்க, ஏன்னா துளி கூடுதலா கத்துறதுதான் "ஆஹா, க்ளியர்"னு நம்ம காத ஏமாத்தும். விக்கறவங்களுக்கு இது தெரியும்.

கூட போறவர மாத்தச் சொல்லிட்டு நீங்க கண்ண மூடிக்குங்க. வெளையாட்டுக்கு சொல்லல, ஹார்மன்ங்கற ஆடியோ கம்பெனில ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு பேரு 1994ல இத செஞ்சே காட்டுனாங்க. அதே ஆளுங்களுக்கு அதே ஸ்பீக்கர்களை திரைக்கு பின்னாடி வெச்சு மார்க் போடச் சொன்னாங்க, அப்பறம் திரைய எடுத்துட்டு போடச் சொன்னாங்க, பாத்தா பெரிய பளபளா பொட்டிக்கு மார்க் ஏறுது, சின்ன மலிவு செட்டுக்கு எறங்குது. உங்க கடைக்காரர் சொன்ன கெத்து அதுதான்.

காசு கணக்கு: முப்பதுல இருந்து முப்பத்தஞ்சாயிரம் ஸ்பீக்கருக்கு, பத்து பன்னெண்டாயிரம் ஒரு சின்ன கிளாஸ் டி வகை ஆம்புக்கு, மீதி ஜமக்காளம், ஸ்டாண்ட். ஸ்டாண்ட கடையில வாங்காதீங்க, தெருமுனை வெல்டிங் பட்டறைல சதுர பைப்ப வெச்சு அடிச்சு உள்ள காஞ்ச மணல நெரப்பிருங்க, அசையாது. உயரம் எவ்வளவுன்னா சோபால உக்காந்து காது வரைக்கும் டேப்ப புடிங்க, ட்வீட்டர் (கீச்சு சத்தம் போடுற சின்னது) அந்த உயரத்துக்கு வரணும். அப்பறம் டிவி யூனிட்ல இருக்கற பொந்துக்குள்ள சொருகாதீங்க, சொருகுனா திரும்ப கெணறுதான். ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல ஏழு அடின்னா நீங்க உக்கார்ற எடமும் ரெண்டுல இருந்தும் கிட்டத்தட்ட ஏழு எட்டு அடி. முதுகுல ஓட்டை உள்ள மாடல்னா சுவத்துல இருந்து ஒரு அடியாச்சும் தள்ளி, வீட்ல நடக்க எடமில்லன்னு சண்டை வந்தா அந்த ஓட்டைல ஒரு சாக்ஸ சுருட்டி சொருகிட்டு கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கலாம்.

நாகர்கோவில் வாசகி: எங்க வீட்டுக்காரர் ரெண்டு ஸ்பீக்கரயும் ஹால்லயே வெச்சு எடத்த அடைக்கறார். ஒண்ண ஹால்ல, ஒண்ண கிச்சன்ல வெச்சா ரெண்டு பேரும் கேக்கலாமே, என்ன தப்பு?

தப்பு ஒண்ணுமில்லம்மா, பாதி ஆர்க்கெஸ்ட்ரா கிச்சன்ல சமைக்கும், பாதி ஹால்ல உக்காந்து பேப்பர் படிக்கும், அவ்வளவுதான். பழைய ஸ்டீரியோ பாட்டுகள்ல வயலின் எல்லாம் ஒரு பக்கம், கிட்டார் இன்னொரு பக்கம்னு சுத்தமா பிரிச்சே வெச்சிருப்பாங்க, நீங்க தாளிக்கறப்ப வயலின் மட்டும் கேக்கும். ஆலன் ப்ளூம்லைன்னு இங்கிலாந்துல ஒரு இன்ஜினியர், 1931லயே இந்த ஸ்டீரியோவுக்கு பேடண்ட் போட்டவர், சினிமா திரைல ஆள் ஒரு பக்கம் நடக்க குரல் வேற எங்கயோ இருந்து வருதேன்னு கடுப்பாகித்தான் ஆரம்பிச்சாராம். ரெண்டு காதுக்கும் முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர் இருந்தாத்தான் நடுவுல பாடகர் வந்து நிப்பார். கிச்சனுக்கு தனியா ஒரு நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கித் தரச் சொல்லுங்க, நியாயமான கோரிக்கைதான், நான் சொன்னேன்னு சொல்லுங்க.

கோவை வாசகர்: சார், ஸ்பீக்கர் ஒயர் மீட்டர் 1,500 ரூபா சொல்றாங்க, வித்தியாசம் தெரியுமா?

பர்ஸ்ல தெரியும். எலக்ட்ரிகல் கடைல 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் வாங்குங்க. அஞ்சு மீட்டர் ஓடுனா போக வர மொத்த ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.12 ஓம், உங்க ஸ்பீக்கர் 8 ஓம், அதுக்கு முன்னாடி இது தூசு. செவப்ப செவப்புல, கறுப்ப கறுப்புல மாட்டுங்க, இதுதான் முக்கியம். நான் ஒரு தடவ என் சொந்த வீட்லயே ஒரு பக்கம் மட்டும் மாத்தி மாட்டிட்டு, பாஸே காணோம், பாடகி எங்க நிக்கறாங்கன்னே தெரியல, ஆம்ப் போச்சுன்னு பிரிச்சு மேஞ்சிட்டேன். கடைசில என் பொண்ணு வந்து "அப்பா, இங்க கலர் மாறியிருக்கே"ன்னா. முப்பது வருஷ அனுபவம்னு வெளிய சொல்லிக்கறது!

சென்னை, திருவான்மியூர் வாசகர்: மாமனார் குடுத்த பழைய ஸ்பீக்கர், கோன சுத்தி இருக்கற ஸ்பாஞ்சு தொட்டாலே உதிருது. தூக்கிப் போட்டுறவா?

போடாதீங்க சார்! அது ஃபோம் சரவுண்ட், நம்ம ஈரக் காத்துக்கு பதினஞ்சு இருவது வருஷத்துல மைசூர்பாகு மாதிரி ஆயிரும். கோனும் அதுக்குப் பின்னாடி இருக்கற காயிலும் (கம்பிச் சுருள்) நல்லா இருந்தா ரிங்க மட்டும் மாத்திக்கலாம், ரிப்பேர் பண்றவங்க ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் இன்னும் இருக்காங்க. காயில் நல்லா இருக்கான்னு பாக்க ரெண்டு பக்கமும் விரல வெச்சு கோன மெதுவா நேரா உள்ள அமுக்குங்க, கரகரன்னு உரசுனா காயில் போயிருக்கு, பஞ்சு மாதிரி போய்ட்டு வந்தா பொழச்சிக்கும். ரப்பர் ரிங் போடலாமான்னு கேப்பாங்க, அது கனம் வேற, சத்தம் மாறும், ஃபோம் இருந்த எடத்துல ஃபோமே போடுங்க. நீங்க கடற்கரை பக்கம்ங்கறதால பின்னாடி டெர்மினல்ல பச்சை புடிச்சிருக்கும், அத சுரண்டி சுத்தம் பண்ணிட்டு ஒயர் நுனியையும் புதுசா வெட்டிக்குங்க.

தஞ்சாவூர் வாசகி: டிவில டயலாக் புரியலன்னு தாத்தா சவுண்ட ஏத்தி ஏத்தி வைக்கறார், பக்கத்து வீட்ல திட்டறாங்க. சவுண்ட்பாரா, ரெண்டு ஸ்பீக்கரா?

எடம் இருந்தா ரெண்டு ஸ்பீக்கர்மா. இப்ப வர்ற ஒல்லி டிவில ஸ்பீக்கர் கீழயோ பின்னாடியோ பாத்துக்கிட்டு இருக்கு, சத்தம் சுவத்துல அடிச்சு சுத்திக்கிட்டு வருது, தாத்தா மேல தப்பே இல்ல. டிவிக்கு ரெண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒண்ணா வெச்சு தாத்தா உக்கார்ற நாற்காலிய பாத்து லேசா திருப்பி விடுங்க, சத்தம் கொறைச்சாலே வார்த்தை புரியும். ஆம்ப் வாங்கறப்ப ஆப்டிகல் இன்புட் (டிவில இருந்து சத்தம் ஒளியா வர்ற கேபிள மாட்டற எடம்) இருக்கான்னு பாருங்க. மாட்டுனதும் ஒண்ணுமே கேக்கலன்னா பயந்து கடைக்கு தூக்கிட்டு ஓடாதீங்க, டிவி செட்டிங்ஸ்ல டிஜிட்டல் அவுட்புட் ஆட்டோவுலயோ டால்பிலயோ இருக்கும், அத பிசிஎம்னு மாத்துங்க, பேச ஆரம்பிச்சிரும்.