படகை விற்காதீர்கள்

தங்கச்சிமடத்துத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகனைத் தனியார் கல்லூரியில் மரைன் இன்ஜினியரிங் சேர்க்க, நகையை அடகு வைத்து நாட்டுப்படகையும் விற்றுவிடலாம் என்கிறாராம் பெரியப்பா. மகனோ பிடிகொடுக்கவில்லை. மழைக்காலத்தில் நிவாரண முகாமுக்கு வந்த அரிசி மூட்டைகளுக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்ததுதான் அவன் விரும்பிச் செய்த ஒரே வேலை என்று அவர் வருந்துகிறார்.

அம்மா, வருந்த வேண்டியது அதற்கல்ல. கப்பல் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் இல்லாமல் அந்தப் படிப்பை முடித்தவர்கள் வேலைக்காக ஏஜெண்டுகளின் வாசலில் காத்திருப்பதை உங்கள் கடற்கரையே அறியும். பெரியப்பா கல்யாண வீட்டில் சொல்லிப் பெருமைப்படுவார்; வட்டி கட்டப்போவது நீங்கள்.

மகன் செய்த வேலைக்கு மனிதநேய உதவித் தளவாடப் பணி என்று பெயர்; நிவாரணப் பொருள்களை வாங்கி, கிடங்கில் வைத்து, கணக்குப் பிசகாமல் கொண்டுசேர்க்கும் வேலை. உலக உணவுத் திட்டமும் செஞ்சிலுவைச் சங்கமும் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. மூட்டைகளைத் தரையிலோ சுவரிலோ படாமல் மரப்பலகைமேல் அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் இருப்பு அட்டை தொங்க வேண்டும். முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும். லாரியோடு போகும் சலானில் நூறு மூட்டை என்றிருந்து தொண்ணூற்றேழு இறங்கினால், அந்த மூன்றின் குறையை அங்கேயே எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்ற ஸ்பியர் (நிவாரணப் பணிக்கான சர்வதேசக் குறைந்தபட்சத் தரநிலைகள்) அளவுகோலை வைத்து, ஆயிரம் பேர் முகாமுக்கு 15,000 லிட்டர் என்றால் எத்தனை டேங்கர், எத்தனை நடை என்று உடனே கணக்கிடத் தெரிய வேண்டும்.

இத்துறைக்கு இங்கிலாந்தின் சார்ட்டர்ட் தளவாட, போக்குவரத்துக் கழகம் அங்கீகரிக்கும் சான்றிதழ் உண்டு. தொலைநிலைக் கல்வியாகவே படிக்கலாம். தேர்வு அறை கிடையாது. நிவாரணச் சூழல் ஒன்றைத் தந்து கொள்முதல் திட்டம், கிடங்குக் கணக்கு, போக்குவரத்து ஏற்பாடு ஆகியவற்றைச் செய்துகாட்டச் சொல்லி, அதை வைத்தே மதிப்பிடுவார்கள். ஆனால் இதற்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். வேலையில் இறங்காதவன் கையில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்புக் குறைவு. கட்டணமும் பவுண்டுக் கணக்கு.

இப்போதைக்கு அவன் பக்கத்துக் கல்லூரியில் பி.காம் சேரட்டும், அரசுக் கல்லூரியானால் இன்னும் நல்லது. காயா என்ற இணையத் தளத்தில் இத்துறையின் தொடக்கப் பாடங்கள் இலவசம். உலக உணவுத் திட்டத்தின் தலைமையில் இயங்கும் உதவி அமைப்புகளின் கூட்டான லாஜிஸ்டிக்ஸ் கிளஸ்டர் வெளியிட்டுள்ள செயல்முறைக் கையேடும் இலவசமே. செஞ்சிலுவைச் சங்க மாவட்டக் கிளையில் தன்னார்வலராகப் பெயர் கொடுக்கட்டும். எக்செல்லும், மின்னஞ்சல் எழுதுமளவு ஆங்கிலமும் கட்டாயம். பட்டம் பெற்றதும் தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கு ஒன்றில் ஓரிரு ஆண்டு வேலை பார்த்து, சொந்தச் சம்பளத்தில் சான்றிதழுக்குப் பணம் கட்டிக்கொள்ளலாம்.

இதில் நிரந்தர வேலை குறைவு, ஒப்பந்தங்களே அதிகம் என்பதையும் அவனிடம் மறைக்காதீர்கள். ஐ.நா. வேலை வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் அந்த ஆளை அப்போதே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள், ஐ.நா. ஆள் எடுப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை.