பழைய ஜாஸ் பியானோ இசைத்தட்டிலிருந்து ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் எப்படி சாம்பிள் எடுக்கிறார்கள்?

சாம்பிள் என்பது பழைய பதிவிலிருந்து வெட்டியெடுத்துப் புதிய பாட்டில் பயன்படுத்தும் துண்டு. முக்கால்வாசி வேலை, தட்டைக் கேட்டு இடம் பிடிப்பதிலேயே முடிந்துவிடும். மூவர் குழுவான டிரியோவின் ரெக்கார்டிங்கில் பியானோவோடு டபுள் பாஸும் டிரம்ஸும் சேர்ந்தே இருக்கும். பிறகு நாம் போடும் கிக் டிரம்மும் பாஸும் அவற்றோடு முட்டும். அதனால் சோலோ உச்சத்துக்குப் போகும் இடம் உதவாது. தொடக்கம், முடிவு, மற்ற இருவரும் அடக்கி வாசிக்கும் ஒன்றிரண்டு பார்கள் (ஒரு பார் என்பது பெரும்பாலும் நான்கு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்று) போதும். ஜாஸ் பியானோ கலைஞர் அகமத் ஜமாலை இத்தனை பேர் தேடிப் போனதற்கு இதுதான் காரணம் என்பேன்: ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே தாராளமாக இடம் விடுவார். 1970இல் வந்த அவருடைய ‘தி அவேக்கனிங்’ ஆல்பத்தின் ‘ஐ லவ் மியூசிக்’கை வைத்து தயாரிப்பாளர் பீட் ராக், ராப் பாடகர் நாஸுக்கு ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’ செய்தார். அதே ஆல்பத்தின் ‘டால்பின் டான்ஸ்’, தயாரிப்பாளர் நோ ஐ.டி. கையில் ராப் பாடகர் காமனின் ‘ரிசரெக்‌ஷன்’ ஆனது. இரண்டும் வந்தது 1994இல்.

சாம்பிளைப் பதிந்து வாசிக்க உதவிய அன்றைய மெஷின்களில் முக்கியமானது 1987இல் வந்த எஸ்பி-1200. 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ். அதில் பதிய முடிந்தது மொத்தமே சுமார் 10 நொடி, ஒரு சாம்பிளுக்கு 2.5 நொடி. 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 தட்டு) ஒரு பார் 2.67 நொடி வரும், அடங்காது. அதனால் 33⅓ வேகத் தட்டை 45இல் ஓடவிட்டு எடுப்பார்கள். அதே பார் 1.98 நொடியில் முடிந்துவிடும். பிறகு மெஷினில் ஐந்து செமிடோனும் (அரைச்சுரமும்) கொஞ்சமும் இறக்கினால் பழைய சுருதி. இறக்கும்போது மேல் அதிர்வெண்கள் மழுங்கி ஒரு கரகரப்பு ஏறும். இன்று பிளக்-இன் வாங்கிச் சேர்க்கிறார்களே, அந்த அழுக்கு மெமரி பற்றாக்குறையில் வந்ததுதான்.

மெமரி கவலை இல்லாத இன்றும் நான்கு பாரை அப்படியே லூப் போட முடிவதில்லை. பழைய பதிவுகள் கிளிக் (தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒலி) இல்லாமல் வாசித்தவை என்பதால் மூன்றாவது பாரிலேயே நம் டிரம்ஸ் விலகிவிடும். ஆகவே ஒவ்வொரு கோர்டின் தொடக்கத்திலும் வெட்டி, மெஷினில் விரலால் தட்டும் பேடுக்கு ஒன்றாக வைத்து, ஒன்று ஒலித்தால் மற்றது நிற்கும்படி எல்லாவற்றையும் ஒரே மியூட் குரூப்பில் போட்டு, கையால் மறுபடி வாசிக்க வேண்டும். வெட்டு ரொம்ப இறுக்கமானால் சுத்தியல் தந்தியில் படும் ஓசை போய், பியானோ ஆர்கன் மாதிரி கேட்கும். சில மில்லிசெகண்ட் முன்னால் வெட்டுங்கள். கடைசியில் 5 மில்லிசெகண்ட் ஃபேட் கொடுத்தால் ‘டிக்’ வராது.

உண்மையான தொல்லை சஸ்டெய்ன் பெடல்தான். முந்தைய கோர்டின் வால் அடுத்த ஸ்லைஸில் (வெட்டிய துண்டில்) ஒட்டிக்கொண்டு வரும். ஜி செவன்த்துக்கு அடுத்து வந்த சி மைனரை வெட்டி வேறு இடத்தில் வைத்தால், அதற்குள் ‘பி’ சுரம் மங்கலாக உரசும். அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவும் இதைச் சுத்தமாக எடுக்காது. இரண்டு கோர்டையும் ஒரே ஸ்லைஸாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதே கோர்டு பெடல் இல்லாமல் வேறு எங்காவது வருகிறதா என்று தேடுங்கள்.

டபுள் பாஸை விலக்க 120–150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போதும். ஆரம்பகால ஸ்டீரியோ தட்டுகள் பலவற்றில் பியானோ ஒரு பக்கமாகவே இருக்கும். அந்தச் சேனலை மட்டும் எடுத்தால் டிரம்ஸ் பெருமளவு போய்விடும். புது பாஸ் சேர்க்கும் முன் சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் சுருதி பாருங்கள். பழைய பியானோவும் டர்ன்டேபிள் வேகமும் இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸில் இருக்கும் என்று நம்ப முடியாது. சுருதி மாறாமல் வேகத்தை மாற்றும் டைம்-ஸ்ட்ரெட்ச்சை அதிகம் இழுத்தால் சுத்தியல் ஓசை குழைந்துவிடும். பிட்ச்சோடு சேர்த்து வேகத்தை மாற்றுவதே மேல். இரண்டு செமிடோன் ஏற்றினால் 84 பிபிஎம் சுமார் 94 ஆகும்.

வெளியிடுவதாக இருந்தால் இரண்டு அனுமதி வேண்டும்: ரெக்கார்டிங்குக்கு ஒன்று, இசையமைப்புக்கு ஒன்று. நீங்களே திரும்ப வாசித்துப் பதிவு செய்தால் முதலாவது தேவைப்படாது, இரண்டாவது தேவைப்படும்.