தொந்தரவு அழைப்புகள்: எண்ணை முடக்கினால் மட்டும் போதாது
நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே என் எண்ணை, விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்போருக்கான டி.என்.டி. ('தொந்தரவு செய்யாதே') பட்டியலில் சேர்த்துவிட்டேன். இருந்தும் தினமும் ஐந்தாறு அழைப்புகள் வருகின்றன. தனிநபர் கடன், மனை, காப்பீடு என்று ஏதாவது ஒன்று. எல்லாம் சாதாரணப் பத்து இலக்க எண்கள். ஒன்றை முடக்கினால் மறுநாள் வேறொன்றிலிருந்து அதே குரல். டி.என்.டி. என்பதே கண்துடைப்பா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கண்துடைப்பு இல்லை அம்மா. ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதிக்கு உங்கள் கை தேவைப்படுகிறது. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் லட்சக்கணக்கானோர் பதிவு செய்துவிட்டு ஏமாந்து நிற்கிறார்கள்.

டி.என்.டி. தடுப்பது யாரை? முறைப்படி பதிவு செய்துகொண்டு விற்பனை அழைப்பு விடுக்கும் நிறுவனங்களை. அவர்கள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் அழைக்க வேண்டும். அந்த வாசலில் உங்கள் விருப்பப் பதிவு சரிபார்க்கப்படுகிறது. உங்களை அழைப்பவர்களோ அந்த வாசலுக்கே வராதவர்கள். சாதாரண சிம் கார்டை வைத்துக்கொண்டு கொல்லைப்புறமாக நுழைகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து விற்பனைக்காக அழைப்பதே தவறு. நீங்கள் டி.என்.டி.யில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தவறுதான்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். எண்ணை முடக்குவது உங்கள் ஒருவரின் காதுக்கு மட்டும் ஓய்வு தருகிறது. அந்த ஆள் அடுத்த வீட்டை அழைத்துக்கொண்டே இருப்பார். புகார் செய்தால்தான் அவருடைய இணைப்பு அறுபடும். 2018-ஆம் ஆண்டின் விதிகளை டிராய் 2025 பிப்ரவரியில் திருத்தியபோது, சாமானியருக்கு உண்மையில் பயன்படும் மாற்றங்கள் சில வந்தன. முன்பு அழைப்பு வந்த மூன்று நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். இப்போது ஏழு நாட்கள். முன்பு ஓர் எண்ணின் மீது ஏழு நாட்களில் பத்துப் புகார்கள் சேர்ந்தால்தான் நடவடிக்கை. இப்போது பத்து நாட்களில் ஐந்து புகார்கள் போதும். தொலைபேசி நிறுவனம் நடவடிக்கை எடுக்க முன்பு முப்பது நாள் அவகாசம் இருந்தது. அது ஐந்து நாளாகச் சுருங்கிவிட்டது. பதிவு பெறாத இத்தகைய ஆட்கள் மீது புகார் செய்ய நீங்கள் டி.என்.டி.யில் இருக்க வேண்டிய கட்டாயமும் நீங்கியது.

ஐந்து புகார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருவில் அதே எண்ணால் தொல்லைப்பட்ட ஐந்து பேர் இருப்பார்கள். முதல் முறை பிடிபட்டால் அந்த நபரின் இணைப்புகளிலிருந்து வெளியே அழைப்பது பதினைந்து நாட்களுக்கு நிறுத்தப்படும். மறுபடியும் செய்தால் அவர் பெயரிலுள்ள எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்பட்டு, எல்லா நிறுவனங்களிலும் அவர் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படுவார். இத்தகைய தொல்லை அழைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் தொலைபேசி நிறுவனத்துக்கும் அபராதம் உண்டு: முதல் முறை 2 லட்சம் ரூபாய், இரண்டாம் முறை 5 லட்சம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 10 லட்சம்.

புகார் செய்வது கடினமில்லை. 1909 என்ற எண்ணை அழைக்கலாம், அல்லது அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். உங்களை அழைத்தவரின் எண், அழைப்பு வந்த தேதி, எதை விற்க அழைத்தார் என்று ஒரு வரி, இவ்வளவு இருந்தால் போதும். டிராயின் டி.என்.டி. செயலி வழியாகவும் அனுப்பலாம். புகார் எண் கிடைத்ததும் குறித்து வையுங்கள். கையோடு உங்கள் பழைய பதிவையும் ஒருமுறை சரிபாருங்கள். வங்கி, மனை, கல்வி என்று வகை வகையாகத் தடுக்கும் வசதி இருப்பதால், சிலர் தெரியாமல் ஒன்றிரண்டை மட்டும் தடுத்துவிட்டு மற்றதைத் திறந்தே விட்டிருப்பார்கள்.

ஆசிரியையாக இருந்தவர் நீங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்காவது இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். மருத்துவமனையிலிருந்து எப்போது அழைப்பு வருமோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் வீட்டில் மணி அடிக்க, ஓடிப்போய் எடுத்தால் மனை விற்கும் குரல் கேட்கிறது. இதைச் சின்னத் தொல்லை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: துணிக்கடையில் பில் போடும்போது கைப்பேசி எண் கேட்கிறார்கள். தர மறுத்தால், "நம்பர் இல்லாமல் கம்ப்யூட்டர் பில் எடுக்காது" என்கிறார்கள். தந்த மறுநாளிலிருந்து தள்ளுபடிச் செய்திகள். மறுக்க எனக்கு உரிமை உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாக உண்டு. பணம் கொடுத்துப் பொருள் வாங்குவதற்கும் உங்கள் கைப்பேசி எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எண் தந்தால்தான் விற்போம் என்று கட்டாயப்படுத்துவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் வணிகர் அமைப்புகளுக்குத் தெளிவாக அறிவுறுத்தியது. நீங்கள் நம்பித் தந்த விவரத்தைக் கடைக்காரர் சட்டத்துக்குப் புறம்பாக வேறொருவருக்குக் கொடுத்தால், அதுவும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே வகைக் குற்றச்சாட்டின் கீழ் வரும்.

கம்ப்யூட்டர் பில் எடுக்காது என்பது சாக்கு. மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் கோபப்பட வேண்டாம், அவருக்கு எத்தனை எண் சேர்த்தார் என்று மாலையில் கணக்குக் கேட்பார்கள். மேலாளரும் பிடிவாதம் பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒப்புதல் என்றால் கட்டாயமின்றி, எதற்கென்று தெரிந்து, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகத் தருவது. பில்லுக்காகத் தந்த எண், விளம்பரத்துக்கான ஒப்புதல் ஆகாது. எதற்காகக் கேட்கிறோம் என்ற அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும் அவர்கள் தர வேண்டும். ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது இந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. இவ்வளவு நீண்ட அவகாசம் தேவையில்லை என்பதே என் கருத்து. அதுவரை 1915-உம் 1909-உம்தான் நமக்குத் துணை.

கேள்வி: கடன் வாங்கிய வங்கியிலிருந்தே விற்பனை அழைப்புகள். கேட்டால், "விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்புதல் தந்திருக்கிறீர்கள்" என்கிறார்கள்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தந்திருந்தாலும் திரும்பப் பெறலாம். ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். விலகிய பிறகு 90 நாட்களுக்கு அவர்கள் மறுபடி ஒப்புதல் கேட்கக் கூடாது. இனி 127 என்று தொடங்கும் எண்ணிலிருந்து ஒப்புதல் கேட்டுச் செய்தி வந்தால், படிக்காமல் சம்மதம் சொல்லிவிடாதீர்கள்.

தவணை நினைவூட்டல், கணக்கு எச்சரிக்கை போன்றவை இதில் சேரா. அவை விற்பனை அழைப்புகள் அல்ல. இத்தகைய சேவை அழைப்புகளுக்கு 1600 வரிசை எண்கள், விற்பனைக்கு 140 வரிசை என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

கேள்வி: 74 வயதான என் அப்பா தொலைபேசியில் "சரி, சரி" என்று சொன்னதை வைத்துக் கிரெடிட் கார்டு அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அந்த அட்டையைச் செயல்படுத்த வேண்டாம், ஓ.டி.பி. எதையும் சொல்லவும் வேண்டாம். கேட்காத அட்டையை அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு உத்தரவு. அப்படி அனுப்பிக் கட்டணமும் போட்டிருந்தால், அதை நீக்குவதோடு அந்தத் தொகையைப் போல இரு மடங்கை உங்கள் அப்பாவுக்கு அபராதமாகத் தர வேண்டும். அட்டை தந்து 30 நாட்களுக்கு மேலாகியும் செயல்படுத்தப்படாவிட்டால், வங்கி ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் வராவிட்டால், கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் கட்டணமின்றிக் கணக்கை மூட வேண்டும். இப்போதே வங்கிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான வழிகாட்டலுக்கு 14448-ஐ அழையுங்கள்.

கேள்வி: "டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும்" என்றார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: பச்சைப் பொய். எண்ணைத் துண்டிக்கப் போவதாக டிராய் யாரையும் அழைப்பதில்லை. இவர்கள் விற்பனையாளர்கள் அல்லர், மோசடிக்காரர்கள், இவர்களை டி.என்.டி. தடுக்காது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், மோசடி அழைப்புகளைத் தெரிவிப்பதற்கென உள்ள சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.