பழைய கார், இறுகின பிரேக்: வாசகர் கேள்வி-பதில்

மாரி முடிஞ்சு கொட்டிலுக்க நிண்ட கார்களை வெளியில எடுக்கிற நேரம், அதால வந்த கடிதங்களில கனக்க பிரேக்கைப் பற்றித்தான். சுருக்கிப் போட்டிருக்கிறன். புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு: பெடலை மிதிச்சால் மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளும், அந்த ஒயில் சில்லுக்குள்ள இருக்கிற வீல் சிலிண்டரின்ர பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் லைனரைச் சில்லோட சுத்துற ட்ரம்மில அமத்தும்.

கேள்வி: அப்பப்பான்ர மொரிஸ் மைனர் மூண்டு வருசமா ஓடாமல் நிண்டது. இப்ப தள்ளினால் இடப்பக்கப் பின் சில்லு சுத்துதே இல்லை, இழுபட்டுக்கொண்டு வருது. மாஸ்டர் சிலிண்டரும் நாலு வீல் சிலிண்டரும் மாத்தவேணும் எண்டு கராஜில சொல்லுகினம். காசு குடுக்கிறதோ? (சாவகச்சேரி)

பதில்: இப்ப ஒரு சதமும் குடுக்காதேங்கோ தம்பி. மைனருக்கு வீல் சிலிண்டர் நாலில்லை, ஆறு. முன் சில்லு ஒவ்வொண்டுக்கும் ரெண்டு, பின்னுக்கு ஒவ்வொண்டு. அதைத் தெரியாத ஆள் ட்ரம்மைக் கழட்டிப் பாக்காமலே கணக்குச் சொல்லியிருக்கிறார். மற்றது, மாஸ்டர் சிலிண்டர்தான் பழுதெண்டால் ஒரு சில்லு மட்டும் இறுகாது, நாலும் சேர்ந்து இழுக்கும்.

முதல்ல முன் சில்லுகளுக்குக் கல்லு வைச்சிட்டு ஹான்ட் பிரேக்கை இறக்கி, பின்பக்கத்தை ஜாக்கியில தூக்குங்கோ. மணல் தரையெண்டால் ஜாக்கிக்குக் கீழ தடிச்ச பலகை வேணும், காரைத் தாங்குற ஸ்ராண்ட் குடுக்காமல் ஒருத்தரும் கீழ பூரக்கூடாது. பிறகு அந்தச் சில்லின்ர பின்பக்கம் இருக்கிற எயார் எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் தளத்துங்கோ. ஒயில் சீறிக்கொண்டு வந்து சில்லும் சுத்தத் தொடங்கினால் உள்ளுக்க பிரஷர் அடைபட்டு நிண்டிருக்கு. ஒண்டும் வராமல் சில்லும் அசையாமல் நிண்டால் ஒயில்ல பிரச்சினை இல்லை, இரும்பு இரும்போட பிடிச்சிருக்கு. மூண்டு வருசம் நிண்ட காரெண்டால் அனேகமா இதுதான்: லைனர் ட்ரம்மோட துருவில ஒட்டியிருக்கும், இல்லாட்டி ஹான்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ள துருப்பிடிச்சு இறுகியிருக்கும், இல்லாட்டி சிலிண்டருக்குள்ள பிஸ்டன் பிடிச்சிருக்கும். மைனர்ல பின் சில்லு ரெண்டுக்கும் தனித்தனிக் கேபிள், அதால ஒரு பக்கம் மட்டும் இறுகிறது புதினமில்லை. கேபிளைக் கழட்டிவிட்டுப் பாருங்கோ, சில்லு சுத்தினால் செலவு ஒரு கேபிளோட முடிஞ்சுது.

ட்ரம் வராட்டி சுத்தியலால விளிம்பில அடிக்காதேங்கோ, அது வார்ப்பிரும்பு, வெடிச்சுப்போடும். சில்லைக் கழட்டினால் ட்ரம்மில ஒரு ஓட்டை தெரியும், அதுக்குள்ளால ஸ்குரூட்ரைவர் விட்டு, லைனரை ட்ரம்முக்குக் கிட்ட வைச்சிருக்கிற அட்ஜஸ்டரைத் தளத்தினாப் பிறகுதான் இழுக்கவேணும், ஏனெண்டால் தேஞ்ச ட்ரம்முக்குள்ள ஒரு வரம்பு விழுந்திருக்கும், லைனர் அதில கொழுவிக்கொண்டு நிக்கும். துருநீக்கி ஒயில் விட்டு ஒரு இரவு விடுங்கோ, அடுத்தநாள் மரச்சுத்தியலால சுத்திவரத் தட்டுங்கோ. கழண்டாப் பிறகு உள்ளுக்க இருக்கிற தூசியை வாயாலயோ கொம்பிரஸராலயோ ஊதாதேங்கோ. பழைய லைனர்ல அஸ்பெஸ்ரஸ் இருக்கும், அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனால் கூடாது, ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணியையும் எறிஞ்சுவிடுங்கோ. ஒயில் பட்ட லைனர் திரும்பப் பாவிக்க ஏலாது, அதையும் மாத்துங்கோ.

கேள்வி: பிரேக் ஒயில் முடிஞ்சுது, அவசரத்துக்கு எஞ்சின் ஒயில் விடலாமோ? (கோண்டாவில்)

பதில்: விடக்கூடாது. உள்ள றப்பர் எல்லாம் ஊதிப்போய் முழுசா மாத்தவேண்டி வரும்.

கேள்வி: என்ர ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காலமை நல்லா ஓடும். பருத்தித்துறையில இருந்து யாழ்ப்பாணம் வரேக்கை பாதி வழியில தானா பிரேக் பிடிச்சுச் சில்லு நாலும் சூடாகும், அரை மணித்தியாலம் நிப்பாட்டினால் விட்டிடும். ரெண்டுதரம் லைனர் மாத்தியாச்சு. (பருத்தித்துறை)

பதில்: ஐயா, உங்களிட்டை ரெண்டுதரம் அநியாயமாக் காசு வேண்டியிருக்கினம். லைனருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஒரு சின்ன ஓட்டை இருக்கு, காலை எடுத்தாப் பிறகு ஒயில் அதுக்குள்ளாலதான் தாங்கிக்குத் திரும்பிப் போகும். பிஸ்டன் முழுசாப் பின்னுக்கு வராட்டி அந்த ஓட்டை மூடினபடி நிக்கும், ஓட ஓட ஒயில் சூடாகி விரியும், போக இடமில்லாமல் லைனரைத் தள்ளும், அதால இன்னும் சூடாகும். ஆறினால் ஒயில் சுருங்கிச் சில்லு விடும். பெடலை விரலால அமத்திப் பாருங்கோ, தொடக்கத்தில கொஞ்சம் வெறுமையாப் போகவேணும். உடனே இறுக்கமா நிண்டால் பெடலில இருந்து பிஸ்டனைத் தள்ளுற தள்ளுகோலின்ர நீளத்தைச் சரிப்படுத்தினால் போதும், சாமான் ஒண்டும் வேண்டத் தேவையில்லை. வெறுமை இருந்தும் பிடிக்குதெண்டால் ஓட்டை அடைச்சிருக்கும், கழட்டிக் கழுவவேணும்.

உங்களுக்கு நாலு சில்லும். ஒரு முன் சில்லு மட்டும் இப்பிடிச் செய்யுதெண்டால் அந்தப் பக்கத்து றப்பர் ஹோஸைச் சந்தேகப்படவேணும். வெளியில பாக்க வடிவா இருக்கும், உள்ளுக்க ஊதி அடைச்சிருக்கும், மிதிக்கேக்கை ஒயில் போகும், திரும்பி வராது. நிப்பிளைத் திறந்தால் சில்லு விடும், ஹோஸுக்கு மேல இருக்கிற பைப் பூட்டைத் திறந்தால் விடாது எண்டால் பிழை ஹோஸில.

கேள்வி: கடையில பிரேக் ஒயிலைச் சின்னப் போத்தல்ல அளந்து குடுக்கினம், மலிவு. வேண்டலாமோ? (மானிப்பாய்)

பதில்: இதை எத்தினைதரம் எழுதினாலும் காணாது. பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், அதின்ர குணமே அது. டொட் 3, டொட் 4 எண்டது தகரத்தில இருக்கிற ஒயிலின்ர தரம். டொட் 4 ஒயில் புதுசா இருக்கேக்கை குறைஞ்சது 230 பாகை வரைக்கும் கொதிக்கக்கூடாது, ஈரம் ஏறினாப் பிறகு அதுக்கு வைச்சிருக்கிற எல்லை 155. டொட் 3க்கு 205, பிறகு 140. கொதிச்சால் ஆவி வரும், ஆவி அமுங்கும், பெடல் கீழ போய் முட்டும், கார் நிக்காது. பழைய காருக்கு ஒரே ஒரு ஒயில் லைன்தான், ஒரு இடத்தில விட்டால் நாலும் போச்சு. கொதிக்கிறது ஒரு பக்கம், அந்த ஈரம்தான் சிலிண்டருக்குள்ள துருவையும் கொண்டுவரும். கடலும் கடல்நீரேரியும் சுத்திவர இருக்கிற இடத்தில மூடி திறந்த தகரத்தை மாசக்கணக்கில தட்டில வைச்சு, தேத்தண்ணிக்குச் சீனி அளக்கிற மாதிரி அளந்து விக்கிறதை நான் எப்பிடிச் சரியெண்டு சொல்லுறது? இண்டைக்கு இறுகி நிக்கிற கனக்கக் காருக்குக் காரணம் முந்தி விட்ட ஒயிலை ஒருத்தரும் மாத்தாததுதான். சீல் உடையாத சின்னத் தகரம் வேண்டுங்கோ, மிச்சத்தை வைச்சிருக்காதேங்கோ, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா முழுசா மாத்துங்கோ. பெயின்றில பட்டால் உரிச்சுப்போடும், உடன தண்ணி ஊத்துங்கோ.

றப்பர் சாமானும் அப்பிடித்தான். எனக்கு ஒரு கடையில புதுசு எண்டு தந்த கிட், பெட்டி மட்டும்தான் புதுசு. றப்பர் தட்டிலயே கிடந்து காஞ்சு போயிருந்தது, பூட்டி ஒரு மாரி கூடத் தாங்கேல்லை, ஒழுகத் தொடங்கீட்டுது. காசும் திரும்பி வரேல்லை. இப்ப கடையிலயே பெட்டியைப் பிரிச்சு, உள்ளுக்க இருக்கிற றப்பர் கப்பை விரலால வளைச்சுப் பாத்துத்தான் வேண்டுறன்.

கேள்வி: போட்டோவில பாத்து ஒஸ்ரின் ஏ ஃபோட்டி கார் ஒண்டுக்கு முற்பணம் அனுப்பினன். வீட்டை வந்தாப் பிறகு பாத்தால் சில்லு மூண்டு இறுகி, ஹான்ட் பிரேக்கே இல்லை. என்ன செய்யலாம்? (ஊர்காவற்துறை)

பதில்: காரைத் தள்ளிப் பாக்காமல் ஏன் காசு அனுப்பினனீங்கள்? பெடலை மிதிச்சு, விட்டு, கையால தள்ளிப் பாக்க அஞ்சு நிமிசம் காணும். விக்கிறவர் ஓடுற கார் எண்டு எழுத்தில சொல்லியிருந்தால் அந்த மெசேஜை வைச்சுப் பேசுங்கோ. இல்லாட்டி திருத்துற செலவு உங்கடைதான்.

கேள்வி: அப்பா செத்தாப் பிறகு அவற்ற காரைத் திருத்தக் குடுத்தன். புது வீல் சிலிண்டர் எண்டு பெரிய காசு வேண்டினவை. மற்ற மெக்கானிக் கழட்டிக் காட்டினார், பழசுக்குக் கறுத்தப் பெயின்ற் அடிச்சுப் பூட்டியிருக்கினம். பில்லும் இல்லை. (சுன்னாகம்)

பதில்: தங்கச்சி, கேக்கவே நெஞ்சு எரியுது. அப்பான்ர கார், விபரம் தெரியாத பிள்ளை எண்டு தெரிஞ்சுகொண்டு செய்திருக்கினம். அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் குடுக்காதேங்கோ, போட்டோ எடுங்கோ, ரெண்டாவது மெக்கானிக்கிட்டை பாத்ததை எழுதி வேண்டுங்கோ. காசு பாங்க் மூலம் அனுப்பியிருந்தால் அந்தச் சிட்டையும் சாட்சிதான். பிறகு கராஜுக்குப் போய்ப் பில் கேளுங்கோ, கேட்டால் குடுக்கவேணும் எண்டது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலயே இருக்கு. தராட்டி அதிகாரசபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுங்கோ. வேலை செய்து மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கவேணும், அதால இந்தக் கிழமையே எழுதுங்கோ. அதிகாரசபையின்ர 1977 எண்ட போன் நம்பருக்கு அடிச்சால் வழி சொல்லுவினம். தனியப் போகாமல் கார் விபரம் தெரிஞ்ச மாமாவோ அண்ணையோ ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

எல்லாரும் ஒண்டு செய்யுங்கோ: காரை விடேக்கையே கழட்டுற பழைய சாமானைத் தரவேணும் எண்டு சொல்லிவிடுங்கோ.

கேள்வி: கார் ஓடாமல் நிக்கேக்கை ஹான்ட் பிரேக் போடுறதோ? (நல்லூர்)

பதில்: போடாதேங்கோ. கியரில விட்டுச் சில்லுக்குக் கல்லு வையுங்கோ. கிழமைக்கு ஒருக்கா முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் உருட்டிப் பெடலை மிதியுங்கோ.

கேள்வி: மைனருக்கு முன் லைனர் வேண்டினன், பூட்டேக்கை அளவு சரிவரேல்லை. (காரைநகர்)

பதில்: 1962இல வந்த 1098 சிசி மைனரில இருந்து முன் ட்ரம் 8 அங்குலம், அதுக்கு முந்தினதுக்கு 7. பழசைக் கையில கொண்டுபோய் அளந்து வேண்டுங்கோ.