பனலுக்கு முன் கிணற்றைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அரை ஏக்கரில் மிளகாய் வைத்திருக்கிறோம். 25 அடிக் கிணறு. மண்ணெண்ணெய் மெசினால்தான் இறைப்பு. கோடையில் ஒரு மணித்தியாலம் இறைத்தாலே கிணறு வற்றிவிடும். சோலர் பம்ப் போட எத்தனை பனல் வேண்டும்? வீட்டில் கிடக்கும் ஒரு குதிரைவலு மோட்டாரையே ஓட்டலாமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: ஒரு மணித்தியாலத்தில் கிணறு வற்றுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு அங்குல மெசின் நிமிடத்துக்கு 500 லீற்றர் வரை இழுத்துவிடும். உங்கள் கிணற்றின் ஊற்று அந்த வேகத்துக்கு ஊறாது. சோலர் பம்ப் நிமிடத்துக்கு 35, 40 லீற்றர் என்று பகல் முழுக்க மெல்ல இழுக்கும். உங்கள் கிணற்றுக்கு அதுதான் தோது. ஆனால் அந்தச் சின்னத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் கடைசிப் பாத்திக்குப் போக முன்னமே மண் குடித்துவிடும். “சோலர் பம்ப் இழுக்காது” என்று வரும் முறைப்பாடுகளில் பல இப்படி வந்தவைதான். பம்பை மாற்றும்போது இறைப்பு முறையையும் சொட்டு நீருக்கு மாற்றுங்கள்.

இனிக் கணக்கு. சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் பயிருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீர் வேண்டும். அரை ஏக்கர் 2,000 சதுர மீற்றர் என்றால் 12,000 லீற்றர். சொட்டு நீரில் சிறு இழப்போடு 13,000. வாய்க்காலில் 18,000க்குக் குறையாது. கிணற்று நீர்மட்டம், சொட்டு நீர்க் குழாய்க்குத் தண்ணீர் விடும் தாங்கியின் உயரம், குழாய் உராய்வு எல்லாம் சேர்த்து 12 மீற்றர் தூக்குவதாக வைத்தால், 13,000 லீற்றருக்கு ஏறத்தாழ 1.2 கிலோவாற்-மணி போகும். நல்ல வெயில் 5 மணித்தியாலம். சூட்டுக்கும் தூசுக்கும் கால் பங்கைக் கழித்தால் 325 வாற் பனல் கணக்குக்குச் சரி. முகில் நாளையும் நினைத்து 330 வாற் பனல் இரண்டு போடுங்கள். அதற்கு மேல் தேவையில்லை.

கிணற்றுக்குள் இறக்கும் 48 வோல்ற் டீ.சி. பம்ப், அதாவது பனல் தரும் நேர் மின்னோட்டத்திலேயே ஓடும் பம்ப், இதற்குப் பொருந்தும். பனலின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் திறந்த சுற்று வோல்ற்றளவை (எதையும் இணைக்காதபோது பனல் தரும் வோல்ற், Voc) பாருங்கள். 46 வோல்ற் என்றிருந்தால் இரண்டையும் தொடராக, ஒன்றன் பின் ஒன்றாக, இணைக்க 92 வரும். பனலுக்கும் பம்புக்கும் நடுவே வரும் கட்டுப்பாட்டுப் பெட்டி 100 வரை தாங்கும் என்றால் சரி. “கூடத் தண்ணி வரும்” என்று மூன்றாவது பனலைத் தொடரில் கொழுவினால் பெட்டி எரியும். உத்தரவாதமும் அதோடு போகும்.

வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பனலுக்கும் பம்புக்கும் 40 மீற்றர் தூரமென்றால் 4 சதுர மில்லிமீற்றர் வயர் வேண்டும். வீட்டு லைற்றுக்கு இழுக்கும் 1.5 வயரைப் போட்டால் பத்தில் ஒரு பங்கு மின் வழியிலேயே சூடாகிப் போகும். பம்பை வயரில் தொங்கவிடாமல் நைலோன் கயிற்றில், அடிச்சேற்றிலிருந்து மூன்று அடி மேலே நிற்கக் கட்டுங்கள். தண்ணீர் இறங்கினால் தானாக நிறுத்தும் உணரி கட்டாயம். பனல் தெற்கு நோக்கி 10 பாகை சாய்வில் நிற்கட்டும்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரில் கல்சியம் கூட. 120 மெஷ் வடி போட்டும் சொட்டுத் துளை வெள்ளை பிடித்து அடைக்கும். கிழமைக்கு ஒருக்கால் குழாய்களின் நுனியைத் திறந்து கழுவி விடுங்கள்.

பழைய ஒரு குதிரைவலு மோட்டாரை விட்டுவிடுங்கள். அது கொண்டென்சரோடு கிளம்பும் ஒற்றைக் கட்ட மோட்டார். தொடங்கும் நேரத்தில் ஓடுவதைப்போலப் பல மடங்கு மின் கேட்கும். அதற்காகப் பற்றரியும் பெரிய இன்வேர்ட்டரும் வாங்கும் காசில் டீ.சி. பம்பே வந்துவிடும்.

கேள்வி: 150 அம்பியர்-மணி ரியூபுலர் பற்றரி இரண்டு வருடத்தில் செத்துவிட்டது. மூன்று பல்ப், ஒரு மின்விசிறி, ஒரு ரீவிதான். விற்றவர் பழுதான சாமானைத் தந்திருப்பாரா? (நெடுங்கேணி)

பதில்: பெரும்பாலும் இராது. 12 வோல்ற், 150 அம்பியர்-மணி என்றால் 1,800 வாற்-மணி. ரியூபுலர் போன்ற ஈய பற்றரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் உங்களுக்கு உள்ளது 900. பல்ப் மூன்றும் 5 மணித்தியாலம் எரிய 135, பழைய 60 வாற் விசிறி இரவில் 8 மணித்தியாலம் ஓட 480, ரீவி 3 மணித்தியாலத்துக்கு 180. இன்வேர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 900ஐ எட்டிவிடும். முகில் மூடிய மாரியில், அதாவது கார்த்திகை, மார்கழியில், பகலில் நிரம்பாத பற்றரியை இரவில் மேலும் இறக்கினால் தகட்டில் உப்புப் படியும். அது பிறகு கரையாது.

விசிறியை 28 வாற் ரகத்துக்கு மாற்றுங்கள். ஒரு இரவில் 256 வாற்-மணி மிச்சம். புதுப் பற்றரி வாங்குவதைவிட இது மலிவு. காலையில் வெயில் ஏற முன், எல்லாவற்றையும் நிறுத்திச் சற்று ஆறவிட்டு மீற்றர் வைத்துப் பாருங்கள்: 12.7 நிறைவு, 12.2 பாதி. அதற்குக் கீழே இறங்குகிற நாள்களில் ரீவியை விடுங்கள். ஊற்றுவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்; கிணற்றுத் தண்ணீர் கொதித்து ஆறியிருந்தாலும் அதன் உப்பு அப்படியே இருக்கும். அசிட் சேர்க்கவே வேண்டாம். பழைய கார் பற்றரியும் ஆகாது. அதன் மெல்லிய தகடுகள் எஞ்சினைக் கிளப்ப ஒரு கணம் நிறைய மின் கொடுக்கச் செய்தவை.

கேள்வி: கூரையில் சோலர் போட்டு மின்சார சபைக் கம்பியோடு இணைத்தோம். கரண்ட் நின்றால் வீடும் இருட்டு. நடுப்பகலில் வேறு இன்வேர்ட்டர் அடிக்கடி நிற்கிறது. (வவுனியா)

பதில்: முதலாவது பழுதல்ல. கம்பியில் வேலை செய்பவருக்கு உங்கள் வீட்டு மின் அடிக்காதிருக்க, கரண்ட் போனதும் இன்வேர்ட்டர் நின்றேயாக வேண்டும். இருட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரியோடு கூடிய ஹைபிரிட் ரகம் வேண்டும். நடுப்பகலில் நிற்பதற்குப் பெரும்பாலும் வோல்ற்றளவுதான் காரணம். கம்பியில் வோல்ற்றளவு 230க்கு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று ஒரு வரம்பு உண்டு. நீண்ட கம்பியின் கடைசி வீடுகளில், பலர் ஒரே நேரம் மின் அனுப்பும்போது வோல்ற்றளவு அந்த வரம்பைத் தாண்டும்; இன்வேர்ட்டர் நின்றுவிடும். இன்வேர்ட்டர் திரையில் தெரியும் வோல்ற்றளவை ஒரு கிழமை நேரத்தோடு குறித்து, அந்தத் தாளோடு மின்சார சபைக்குப் போங்கள். வெறும் வாயால் சொன்னால் ஆள் வர நாளெடுக்கும்.

கேள்வி: நாலு மாடு. பகலில் மேய்ச்சல், இரவில் பட்டி. சாண வாயு சமையலுக்குக் காணுமா? (மல்லாவி)

பதில்: முழுதாகக் காணாது. மேயும் மாட்டின் சாணத்தில் பாதி வெளியிலே போய்விடும். பட்டியில் மாட்டுக்கு 5 கிலோ என்றால் 20 கிலோ. கிலோவுக்கு 35 முதல் 40 லீற்றர் வாயு. சின்ன அடுப்பு இரண்டு, இரண்டரை மணித்தியாலம் எரியும். சோறும் கறியும் ஆகும், மிச்சத்துக்குச் சிலிண்டரோ விறகோ வேண்டும்.

சாணமும் தண்ணீரும் சம அளவு, நாளுக்கு 40 லீற்றர், 50 நாள் உள்ளே நிற்க 2,000 லீற்றர்த் தாங்கி. முதல் நிரப்புக்கே ஒரு தொன் சாணம் போகும். பக்கத்துப் பட்டிகளில் இப்போதே சொல்லி வையுங்கள். பட்டி மண்ணோடு வாரிய சாணத்தைக் கரைத்துச் சற்று வைத்து, மணல் அடியில் இறங்கியபின் மேலே உள்ளதை ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் தாங்கியின் அடி மணலால் நிரம்பும். முதல் வாயுவில் காற்று கலந்திருக்கும். பற்றவைக்காமல் வெளியில் விட்டுவிடுங்கள். சுவாலை துடித்தால் குழாயில் நீர் தேங்கியிருக்கும்; தாழ்வான இடத்தில் ஒரு வடிகுழாய் வையுங்கள். சவர்க்காரத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

கேள்வி: பனலைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவலாமா? (கிளிநொச்சி)

பதில்: கழுவலாம், காயவிடக் கூடாது. விடிய வெயில் ஏற முன் கழுவி, மெல்லிய துணியால் உடனே துடையுங்கள். வெள்ளை படிந்திருந்தால் தண்ணீரில் வினாகிரி கலந்து துடைத்து, நல்ல தண்ணீர் விடுங்கள். மாரியில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது.