ஜப்பானிய ஹிரகானா, கத்தக்கானா எழுத்துகளை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள எளிய வழி என்ன?

ஹிரகானாவைப் பன்னிரண்டு நாளில் பிடித்துவிட்டேன். கத்தக்கானா நாலு மாதம் இழுத்தடித்தது. இரண்டிலும் அடிப்படை எழுத்து 46தான், ஒலியும் அதே ஒலிதான். ஹிரகானாவைக் கையால் எழுதிப் படித்தேன். கத்தக்கானாவைப் போன் செயலியில் தட்டியே தேற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வில் கையால் எழுதும் பகுதியே கிடையாது, விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்த வினை.

முதலில் வரிசையைப் பாருங்கள். அட்டவணையின் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ. நம் உயிரெழுத்தில் நெடிலையும் ஐ, ஔ இரண்டையும் நீக்கினால் மிஞ்சுவது அதுதான். அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. க ங ச ஞ சொல்லி வளர்ந்தவருக்கு இது பாதி தெரிந்த பாட்டு. தற்செயலும் இல்லை. சமஸ்கிருத எழுத்தைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே போன வரிசை அது. ப வர வேண்டிய இடத்தில் ஹ இருக்கிறதே என்றால், பழங்காலத்தில் அந்த வரிசை ப என்றே ஒலித்தது. இன்றைக்கும் ஹ-வின் வலது மேல் மூலையில் சின்ன வட்டம் போட்டால் ப ஆகிவிடும். ஆகவே ரோமன் எழுத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள், அட்டவணை ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது. விதிவிலக்குகள் கொஞ்சம்தான்: ஸி இடத்தில் ஷி, தி இடத்தில் ச்சி, து இடத்தில் ட்ஸு, ஹு இடத்தில் ஃபு. ய வரிசையில் மூன்று, வ வரிசையில் இரண்டு, கடைசியில் தனியாக ஒரு ன்.

நாளுக்கு ஒரு வரிசை போதும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கட்டத்துக்கு ஒன்றாக, வாயால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். அப்புறம் பக்கத்தைத் திருப்பி, பார்க்காமல் எழுத வேண்டும். மறுநாள் புது வரிசையைத் தொடும் முன் அ-விலிருந்து நேற்று வரை ஒரு முறை. தப்பியதை மட்டும் மறுபடி எழுதினால் போதும்.

எழுத்தைப் படமாக்கி நினைவில் வைக்கும் முறை ஒன்று உண்டு. ஹிரகானா கு பறவையின் அலகு, ஹெ ஒரு மலைமேடு, இப்படி. ஆனால் 46-க்கும் கதை கட்டினால், கதையை மறக்காமலிருக்க இன்னொரு கதை வேண்டியிருக்கும். அடம்பிடிக்கிற எழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஹிரகானாவில் நு, மெ இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கடைசியில் சுழி இருந்தால் நு, இல்லாவிட்டால் மெ. ன-வுக்கும் ண-வுக்கும் சுழி எண்ணிய நமக்கு இது பெரிய விஷயமா?

கத்தக்கானாவில்தான் வில்லங்கம். ஷி, ட்ஸு, ஸொ, ன் என்ற நான்கும் செயலியில் ஒரே முகமாகத் தெரிந்தன. பேனாவை எடுத்த பிறகுதான் பிரிந்தன. ஷி-யில் இரண்டு சிறு கோடுகளும் இடப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும், நீளக்கோடு கீழிருந்து மேலே போகும். ட்ஸு-வில் சிறு கோடுகள் மேலே பக்கத்தில் பக்கத்தில், நீளக்கோடு மேலிருந்து கீழே வரும். ஒரு சிறு கோட்டை எடுத்துவிட்டால் ஷி-யின் ஜாடையில் ன், ட்ஸு-வின் ஜாடையில் ஸொ. கை எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் எழுத்தே இருக்கிறது, கண்ணால் பார்த்துப் படித்தால் வராது. எனக்கு உதவியவை இரண்டு சொற்கள். படுக்கை விரிப்புக்கு ஷீட்ஸு, கணினிக்குப் பஸொக்கொன். முன்னதில் ஷி-யும் ட்ஸு-வும், பின்னதில் ஸொ-வும் ன்-னும் சேர்ந்தே வரும். இந்த இரண்டையும் ஒரு வாரம் எழுதினேன், தீர்ந்தது.

இனி நம் ஆட்கள் மட்டும் வழுக்கும் இடம். பம்பரத்தில் இரண்டு ப, இரண்டுக்கும் ஒலி வேறு, எழுத்து ஒன்று. நமக்கு அது உறைப்பதேயில்லை. ஜப்பானிய எழுத்தில் மெலிந்த ஒலி வேண்டுமென்றால் மூலையில் இரண்டு சிறு கீற்றுகள் இருக்க வேண்டும். ‘நீங்கள்’ என்பதற்கான ‘அனத’வை நான் ‘அது’வில் வரும் த-வாக மெலித்து வாசித்தபோது, எங்கள் ஆசிரியை எழுத்தைத் தொட்டுக் காட்டி, “கீற்று எங்கே?” என்று மட்டும் கேட்டார். இந்தப் பதிலில் கத்தக்கானா என்று ஒற்றுப் போட்டு நான் எழுதுவதும் அந்த பயத்தில்தான். ஆனால் ஒற்றுப் போட்டால் அங்கே அது இரட்டித்த ஒலி, மூலச் சொல்லில் அப்படி இல்லை. ஆக, தமிழில் எழுதி வைத்துப் படிப்பதும் வேலைக்கு ஆகாது. முதல் நாளிலேயே நேராகக் கானாவுக்கு, அதாவது இந்த இரண்டு ஜப்பானிய எழுத்து வகைகளுக்கே, போய்விடுங்கள்.

மற்றவர்கள் திணறும் குறில் நெடில் நமக்குச் சும்மா வரும். ஒபஸன் என்றால் அத்தை, ஒபாஸன் என்றால் பாட்டி. இரட்டிப்புக்கு ட்ஸு-வைச் சின்னதாக எழுதுவார்கள், கிட்டத்தட்ட நம் ஒற்றுதான். என்ன, நம் ஒற்றுக்கு அரை மாத்திரை, அவர்கள் ஒற்றுக்கு முழு மாத்திரை. ஜப்பானைக் குறிக்கும் நிப்பொன் என்ற சொல் அவர்கள் கணக்கில் நான்கு மாத்திரை: நி, சின்ன ட்ஸு, பொ, ன்.

எழுத்து பிடிபட்டதும் பாடப்புத்தகத்தை மூடிவிட்டுப் பொட்டலங்களைப் படியுங்கள். பிறமொழிச் சொற்கள் பெரும்பாலும் கத்தக்கானாவில் இருக்கும், வாய்விட்டுச் சொன்னால் பாதி தானே புரியும். நான் முதலில் படித்தது ஒரு மசாலாப் பெட்டி. க, அடுத்து ஆசிரியர் போடும் ‘டிக்’ மாதிரி ஒரு ரெ, பிறகு நெடிலுக்கான கோடு. கரே. நம் கறிதான், ஆங்கிலக் கப்பலேறி அங்கே போய் நிற்கிறது. அந்த ‘டிக்’ உங்கள் பயிற்சித் தாளில் விழுந்தால் மட்டும் சந்தோஷப்பட வேண்டாம். ஜப்பானிய ஆசிரியர் சரிக்கு வட்டம் போடுவார், ‘டிக்’ போட்டால் தப்பு.